லேக்

வெள்ளைப் பீப்பாயில் ஒட்டிய சீட்டு:
லேக் ரெட், இருபத்தைந்து கிலோ, குஜராத்.
மை கிடங்கின் சாவி என்னிடம்.
வந்ததை எழுத வேண்டும், போனதை எழுத வேண்டும்.
அர்த்தம் எழுதச் சொல்லி எனக்குச் சம்பளம் இல்லை.

பதிதபாபன்தான் கேட்டான்.
ஒடிசாக்காரன், பிரிண்டிங் மேசையில் இரண்டாவது கை.
"லேக்குன்னா போகரிதானே அக்கா?
போகரியப் பீப்பாயில அடைச்சா அனுப்பறாங்க?"
சிரித்துவிட்டு டீக்குப் போய்விட்டான்.
கேள்வி போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் லேக் என்றால் ஏரி என்று எழுதி
முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.
எங்கள் ஊரில் ஏரியே கிடையாது.
மதகு வைத்தது குளம்.
எருமை படுத்தது குட்டை.
மழைக்கு மறுநாள் தடதடவென்று வந்து
அடுத்த வாரம் மணலாய்க் கிடப்பது பள்ளம்.
"பள்ளத்துல தண்ணி போகுதுங்க" என்றேன் ஒருநாள்.
மதுரைப் பக்கமிருந்து வந்த ஸ்டெல்லா மேடம்
"குழியில தண்ணி எப்படிப் போகும்?" என்றாள்.
அவள் ஊரில் இருப்பது கண்மாயாம்.
எனக்கு அதில் கண் மட்டும்தான் தெரிந்தது.

பள்ளம் நீங்கலாக
மற்றதெல்லாம் அவர்களுக்கு லேக்.

பல்லடம் ரோட்டில்கூட ஒன்று உண்டு,
லேக் வியூ அவென்யூ.
தவணைக்கு இடம் பார்க்கப் போனோம்,
நானும் அவரும், மொபெட்டில், ஞாயிற்றுக்கிழமை.
மஞ்சள் பெயின்ட் அடித்த கல் வரிசை, காய்ந்த கோரை.
"லேக் எங்கீங்க?"
புரோக்கர் கூச்சப்படவில்லை.
"உள்ளதான் நிக்கறீங்க" என்றார்.

அன்றைக்கு ராத்திரி செல்போனில் அகராதி பார்த்தேன்.
லேக், ஒன்று: நிலம் சூழ்ந்த நீர்.
லேக், இரண்டு: சாயத்தை உப்போடு சேர்த்துப்
படியவைத்தெடுக்கும் நிறப்பொடி. நீரில் கரையாதது.
இரண்டுக்கும் வேர் வேறாம்.
பின்னதின் வேர் நம் பக்கம், அரக்கு.
மரக்கிளையில் பூச்சி கக்கும் அரக்கு.
பழைய பத்திரத்தில் முத்திரைக்கு உருக்கிய அரக்கு.
கல்யாணத்துக்கு மறுநாள் நான் கட்டிய அரக்குப் புடவை,
இப்போது தலையணைக்கு உறை.
எப்போதோ கப்பலேறிப் போய்
பேர் குறுகி
பீப்பாயில் திரும்பியிருக்கிறது.
நான் அதற்கு வரவு எழுதியிருக்கிறேன்.

ஒன்று தண்ணீர்.
மற்றது தண்ணீரில் கரைய மாட்டேன் என்பது.
அகராதி எழுதினவர் திருப்பூருக்கு வந்ததில்லைபோல.
வந்திருந்தால்
இரண்டையும் ஒரே எண்ணில் போட்டிருப்பார்.

கம்பெனிக்குப் பின்சுவர். சுவருக்குப் பின் பூளைக்குட்டை.
யாரும் எதுவும் விடுவதில்லை என்று
ஆபீசில் காகிதம் இருக்கிறது.
பெருமழை ராத்திரிகளில் காகிதமும் தூங்கும்.
மாதத்தில் ஒரு செவ்வாய்
கிருபாகரன் சார் வருவார், கையுறை, கயிறு கட்டிய பாட்டில்.
மூக்கைச் சுளிக்க மாட்டார், பழகிவிட்டது.
அவர் படிவத்தில் கட்டங்கள்: ஆறு, ஏரி, கிணறு, மற்றவை.
போன தடவை பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
"இத என்னன்னுங்க போடறது?" என்று
என்னைக் கேட்டார், என்னை.

சனிக்கிழமை இருப்பு எடுத்தேன்.
லேக் ரெட் நானூறு கிராம் உதைக்கிறது.
தராசை இரண்டு முறை துடைத்து நிறுத்தேன். அதே நானூறு.
ஜன்னல் பக்கம் திரும்பாமல்
'சிந்தியது' என்று எழுதினேன்.

பதிதபாபன் பின்னால் ஸ்கிரீன் கழுவிக்கொண்டிருந்தான்.
முழங்கைவரை சிவப்பு.
"அக்கா, அன்னைக்குக் கேட்டனே?"
"போகரிதான் தம்பி" என்றேன்.
"அடைச்சுத்தான் அனுப்பறாங்க.
நாமதான் தொறந்து விடறோம்."

குழாயை மூடினான்.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.
மை காய்ந்தால் ஸ்கிரீன் கண் அடைத்துக்கொள்ளும்,
ஒரு ஸ்கிரீன் ஆயிரத்து எண்ணூறு.
மறுபடி திறந்தான்.