இரண்டால் வகுத்தல்

சென்ட்ரல் எதிரே, ஜி.எச்., மூன்றாம் மாடி.
மணி மூன்றேகால்.
சி.டி. படத்தை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
ஸ்கேல் இல்லை.
படத்தின் ஓரக் கோடுகளைப்
பேனா மூடியில் குறித்துக்கொண்டு
நீளம் ஆறு, குறுக்கே நான்கு,
வெள்ளை தெரிந்த துண்டுகள் பத்து,
அரை அரையாய் ஐந்து.
பெருக்கினால் நூற்றிருபது.
இரண்டால் வகு.
கேஸ் ஷீட் முதுகில்
அறுபது மில்லி என்றெழுதி
அடிக்கோடிட்டேன், தேவையில்லாமல்.

வெளியே ஏகவல்லி.
புருஷன் தண்ணி லாரி டிரைவர்,
பன்னிரண்டாயிரம் லிட்டர் வண்டி;
மடிப்பாக்கத்தில் ஹோஸைப் பிடித்தபடியே சரிந்தவர்.

"எவ்ளோ ரத்தம் சார்?"

கையிலிருந்த டீ கப்பைக் காட்டி
இதில் பாதிக்கு மேலே என்றேன்.

"அவ்ளோதானா" என்று
அந்த ராத்திரியில் முதல் தடவையாக
பெஞ்சில் உட்கார்ந்தாள்.