கூஜாப்பிடி

சீட்டில் எழுதியிருந்தது:
வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தது, இடது கன்னம்.
பெயர் தசரதன். வயது நாற்பத்தாறு.
பள்ளிப்பட்டு ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே அறை,
மத்தியானம் இரண்டே கால். கரண்ட் இருந்தது.

கன்னம் நிறைய மஞ்சள் சுண்ணாம்புப் பற்று.
முதலில் அதைத் துடையுங்கள் என்றேன்.
சுண்ணாம்பும் எலும்பும்
என் படத்தில் ஒரே வெள்ளை.
ஈரப் பஞ்சு பட்டதும் கண்ணை இறுக்கினார்.
வாய் ஒரு விரல் அகலம்தான் திறந்தது.
வீக்கத்தை நம்ப முடியாது;
உள்ளே பள்ளமானதை
வெளியே மேடாகக் காட்டும்.

முதல் படம் சுலபம்.
முகவாய் தட்டில் ஊன்றி,
மூக்கு ஒரு விரல் எட்டி நிற்க,
யாரோ மதில்மேல் எட்டிப்பார்ப்பதுபோல்.
பின்னந்தலை வழியே கதிர் போனது.
கண்குழியின் கீழ் விளிம்பில் ஒரு படி இறக்கம்.
அது போதாது. கன்னத்து வளைவு தெரிய
தாடைக்குக் கீழிருந்து பார்க்க வேண்டும்,
தலை பின்னால் சாய்ந்து
உச்சி தட்டில் பட வேண்டும்.

கண்குழியின் கீழ் விளிம்பிலிருந்து
காதுத்துளைக்கு ஒரு கோடு உண்டு.
தோலில் வரைந்திருக்காது.
அந்தக் கோடு தட்டுக்கு இணையாகப் படுக்க வேண்டும்.
இல்லாத கோட்டைப் பார்ப்பது
இந்தத் தாலுக்காவில் புதிதில்லை.
வேலிகாத்தானுக்குள் ஒரு கல்,
கல்லுக்கு இப்பால் எங்கள் சர்க்கார், அப்பால் அவர்கள் சர்க்கார்,
ஆடு இரண்டிலும் மேயும்.

அவர் கழுத்து சாயவில்லை.
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
பாதி வழியில் நின்றுவிட்டது,
துருப்பிடித்த கீல்போல.
"இது எப்பவும் முன்னாடிதான் குனியும், மேடம்"
என்றார் பல்லிடுக்கில்.
காது மயிரில் பஞ்சுத்தூள் இருந்ததை
அப்போதுதான் பார்த்தேன்.

புத்தகத்தில் இருக்கும் மனிதனுக்குக் கழுத்து வளையும்.
அந்த மனிதன் தறியில் நின்றதில்லை.

மேசையில் படுக்கவைத்தேன்.
தோளுக்கடியில் கொடுக்கத் தலையணை இல்லை;
ஒன்று பிரசவ வார்டுக்குப் போயிருந்தது,
இன்னொன்று எங்கே போனதென்று கேட்கக் கூடாது.
அவருடைய மூட்டையைப் பிரித்தேன்.
பன்னிரண்டு கைலி, கஞ்சி வாசம், பேப்பர் சுற்றியபடியே.
ஆறை அடுக்கி முதுகுக்குக் கொடுத்தேன்.
போதவில்லை. மீதி ஆறையும்.
தலை தொங்கியது. மிச்சச் சாய்வை
குழாயைத் திருப்பி நான் எடுத்துக்கொண்டேன்.

தலைகீழாகப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"படி இல்லைங்க. நாடா.
ஏகாம்பரகுப்பத்துல, ராத்திரி ஷிப்ட்டு,
ஊடை அறுந்துச்சு, குனிஞ்சேன், பறந்து வந்துருச்சு.
அங்க அடிபட்டேன்னு சொன்னா
கேசு அங்கன்னு அனுப்பிருவாங்களாம்.
முதலாளி படின்னு சொல்லச் சொன்னாரு."

அசையாதீங்க என்றேன்.
பழக்கத்தில் 'கதலொத்து' என்றும் சொன்னேன்.
சொல்லிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.
வேகத்தைக் குறைத்து வைத்தேன்;
மண்டைக்கு வைக்கிற அளவு வைத்தால்
வளைவு கருகிக் காணாமல் போகும்.
டக்.

இருட்டறையில் சிவப்பு விளக்கு.
தொட்டியிலிருந்து மெல்ல எழுந்தது ஒரு மண்டை.
வலப்பக்கம் கூஜாவின் கைப்பிடி,
பிடித்துத் தூக்கலாம்போல முழுசாக.
இடப்பக்கம் மூன்று இடத்தில் ஒடிந்து
உள்ளே மடிந்து
தாடையின் கொம்பில் முட்டிக்கொண்டிருந்தது.
வாய் திறக்காததற்கு அதுதான்.
சுவாலையில்லாத அந்த வெளிச்சத்தில்
மடிப்பின் கூர் எனக்கு
நாடாவின் முனைபோலவே பட்டது.
சாட்சிக் கூண்டில் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டேன்.

படத்தில் நான் எழுத முடிந்தது
ஈயத்தில் வார்த்த ஒரே எழுத்து: எல்.
இடது. அவ்வளவுதான்.
எந்த ஊர் என்பதற்கு ஈய எழுத்து இல்லை.

ஈரப்படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்து
வலப்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.
"இந்தப் பக்கம் நல்லாத்தான் இருந்திருக்கு"
என்றார், யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

பிறகு கைலிகளை எண்ணினார்.
ஒன்றில் சுண்ணாம்பு பட்டிருந்தது.
அதைக் கறை உட்புறமாக மடித்து
அடுக்கின் நடுவில் வைத்துக் கட்டினார்.
சீட்டில் 'படி' அப்படியே இருந்தது.
டாக்டர் அறைக்கு எதிர்ச்சுவரில்
இன்னும் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.