ஒற்றையாய்த் தருவதில்லை

கீழவாசல் கடையில், மீன்தொட்டிகளுக்குப் பின்னால்,
தகரக் கூண்டில் ஏழு கிடந்தன.
ஒன்று போதும் என்றேன்.
"ஒண்ணாக் குடுக்கறதில்லக்கா" என்றாள் ஜெனிபர்,
விரலெல்லாம் மீன்தீனி மணக்க.
"ஒத்தையில விட்டா திங்காது.
மூணாம் நாள் எனக்குத்தான் போன் வரும்."

மாற்றலாகி வந்த பதினோரு மாதமாய்
ஒற்றையில் தின்கிறேன்,
யாருக்கும் போன் போகவில்லை
என்று அவளிடம் சொல்லவில்லை.

மூக்கு ஒழுகுகிறதா பாருங்க,
கண்ணில் பீளை இருக்கா பாருங்க,
பல்லு நேரா இருக்கா, பின்பக்கம் சுத்தமா.
என்னைப் பெண்பார்க்க வந்தவர்களும்
ஏறத்தாழ இந்த வரிசையில்தான் பார்த்தார்கள்.

கூண்டுக்குள் கை நுழைந்ததும்
ஐந்து ஓடின.
ஒன்று பயத்தில் கல்லாகி நின்றது.
இன்னொன்று அதன் விலாவுக்குள் முகத்தைச் செருகி
தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தது.
அந்த நம்பிக்கைக்காக
இரண்டையும் எடுத்தேன்.
"ரெண்டும் பெட்டை, கேரண்டி."

சாலியமங்கலம் தாண்டும்வரை
அட்டைப்பெட்டியில் மூச்சுச் சத்தமே இல்லை.
"கோழிக்குஞ்சா?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.
கினியில் பிறந்ததில்லை, பன்றியுமில்லை,
எதைச் சொல்ல?
ஆமாம் என்றேன்.
அம்மாப்பேட்டையில் இறங்கும்போது
"கீரி வரும், பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெண்ணாறு மூன்றாய்ப் பிரியும் தலைப்பில்
எனக்கு வேலை. பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ்.
ஷட்டரை ஏற்றச் சொல்வது, இறக்கச் சொல்வது,
அளவுகோலைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது.
கை பழகிவிட்டதால் இவற்றுக்கும் எழுதினேன்:

முதல் நாள், காலை ஆறு: அசைவு இல்லை.
நண்பகல்: வெள்ளரி தொடப்படவில்லை.
இரவு பத்து: விளக்கணைத்தபின் கொறிக்கும் ஓசை.
ஒரு வாயா இரண்டா, கணிக்க முடியவில்லை.
மூன்றாம் நாள்: கண் திறந்தபடியே உறக்கம்.
(வெள்ளக் காலத்தில் நானும்.)

பெயர் கோரை, பாமணி.
பிரிந்து போகும் ஆறுகளின் பெயரை
பிரியாத இரண்டுக்கு வைத்தது
யோசிக்காமல் செய்த காரியம்.

பிறகு புல்.
கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சை,
ஆனால் ஒரு கைப்பிடி நம்பிப் பறிக்க முடியாது.
வரப்பில் களைக்கொல்லி, வாய்க்கால் மேட்டில் களைக்கொல்லி,
ரயில்பாதை ஓரம்கூட மஞ்சளாய்க் கருகிக் கிடந்தது.
லஸ்கர் கலியபெருமாள்தான் கண்டுபிடித்தார்:
கபர்ஸ்தான் மதிலோரம்
மருந்து படாத அருகு.
ஹஜரத்திடம் கேட்டுவிட்டு
ஒருநாள் விட்டு ஒருநாள் சைக்கிளில் கட்டிவருகிறார்.

"பால் குடுக்குமா மேடம்?"
இல்லை.
"முட்டை?"
இல்லை.
"கறி?"
சில நாட்டில், என்று இழுத்தேன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"அப்ப சும்மா இருக்கறதுதான் வேலை.
நம்ம பழைய எஸ்.டி.ஓ. மாதிரி."
அப்புறம் பாமணியின் வயிற்றைத் தூக்கிப் பார்த்து
"எதுக்கும் வெண்ணாறுங்கிற பேரையும்
எடுத்து வைங்க" என்றார்.

வெயில் நூறைத் தாண்டிய வாரம்
பாட்டிலில் தண்ணீரை உறையவிட்டு
துண்டில் சுற்றி நடுவில் வைத்தேன்.
பக்கத்துக்கு ஒன்றாய் ஒட்டிக்கொண்டன.
நான் தரையில், மின்விசிறிக்குக் கீழே.

மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்ந்த இரவு
ஷட்டர் ஷட்டராய் நின்றுவிட்டு
வீடு திரும்ப இரண்டரை.
பூட்டில் சாவி பட்டதுதான் தாமதம்,
உள்ளே இரண்டு விசில்,
குக்கர் கெட்டது போல.
எனக்காக இல்லை, கையிலிருந்த பாலித்தீன் பைக்காக.
தெரியும்.
இருந்தாலும் "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று
இருட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்தேன்.

மறுநாள் காலை, தூக்கக் கலக்கத்தில்,
அரசாங்கப் பதிவேட்டில்
கன அடி எழுதும் கட்டத்தில்
"கொத்தமல்லி, காம்புவரை" என்று எழுதிவிட்டேன்.
ஒற்றைக் கோட்டால் அடித்து
விதிப்படி பக்கத்தில் சுருக்கொப்பமிட்டேன்.