மூன்றாம் வட்டம்

மகாரியா மருத்துவமனை வாசலில்
ஃபுலானிப் பெண் பால் விற்கிறாள்.
சுரைக்குடுக்கை மேல் ஈரத்துணி.
ஏப்ரல். நாற்பத்து நான்கு டிகிரி.
திரிந்துவிடக் கூடாதே என்று
நொடிக்கொரு தரம் துணியை விலக்கிப் பார்க்கிறாள்.

சுவருக்கு இந்தப் பக்கம்
ஒரு சொட்டு திரிகிறதா என்று
குனிந்து நிற்கிறாள் பல்கிஸ்ஸா.

நேற்றிரவு லராபாவின் முதுகில்
ஊசியேற்றி எடுத்த தண்டுவட நீர்.
அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வந்ததாம்.
டாக்டர் அதோடு பேச்சை நிறுத்திவிட்டாராம்.
லராபா என்றால் ஹௌசாவில் புதன்கிழமை.
பிறந்த கிழமையையே வைத்துவிட்டார்கள்.
ஆறு வயது.

வளர்ப்புத் தட்டில் எதுவும் முளைக்கவில்லை.
வருவதற்கு முன்பே எங்கோ ஒரு நர்ஸ்
மருந்து போட்டிருக்கிறாள், புண்ணியவதி.
கிருமி செத்துவிட்டது, பெயர் சொல்லாமல்.
பாம்பு போன வழியில் சட்டை கிடக்குமில்லையா,
அதைத்தான் தேடுகிறாள் பல்கிஸ்ஸா.

கொதிநீரில் ஐந்து நிமிடம்.
பிறகு சுழலியில். தெளிந்ததை மட்டும் உறிஞ்சி
கறுப்பு அட்டையின் ஆறு வட்டங்களில் ஆறு சொட்டு.
ஒவ்வொன்றின் மேலும் வேறு வேறு புட்டியின்
வெள்ளை லேடெக்ஸ்.
உறையவும் கூடாது, வெந்துபோகவும் கூடாது அந்தப் புட்டிகள்;
அவற்றைக் காக்கும் மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜுக்கு
அவள் வைத்த பெயர் மாமியார்.

சொட்டு காய்ந்துவிடுமென்று மின்விசிறியை நிறுத்தினாள்.
அட்டையை இப்படியும் அப்படியும் சாய்க்கிறாள்,
தூங்காத பிள்ளையைப் போல.
மூக்கு நுனி வியர்வையை
தோளில் துடைத்துக்கொள்கிறாள்.
என்ன வேண்டிக்கொள்வதென்று
பதினோரு வருடமாகத் தெரியவில்லை.

மூன்றாவதில், ஓரத்தில், முதலில் மணல்.
பிறகு ரவை ரவையாய்.
மற்ற ஐந்தும் பாலாகவே இருந்தன.

சிந்தேருக்கு ஃபோன் போட்டாள்.
இரைச்சல். பி-யா, டி-யா என்று கேட்டார்கள்.
"சி! ஷாமோவின் சி! ஒட்டகம், ஒட்டகம்!"
வராந்தாவில் யாரோ சிரித்தார்கள்.
இந்த வாரம் ஏழாவது.
சரியான தடுப்பூசியோடு லாரி
பத்து நாளில் வரும் என்றார்கள்.
பத்து நாளா என்றாள். தொடர்பு அறுந்தது.

நான்காம் நாள் லராபா
எழுந்து உட்கார்ந்து பால் கேட்டாள்.
அம்மா ஓடிப்போய் வாங்கி வந்தாள்,
திரிந்ததுதான், பாதி விலை.
வாசலிலிருந்தே கூப்பிட்டாள்.
சுவரில் பல்லி பார்த்துக்கொண்டிருந்தாள் குழந்தை.
மறுபடி கூப்பிட்டாள். கிட்டே வந்து கூப்பிட்டாள்.

கடைசியில் தோளைத் தொட்டாள்.
திரும்பி, கிண்ணத்தைப் பார்த்து,
சிரித்தது புதன்கிழமை.