ஏழு துண்டு

அத்திப்பட்டுக்குப் பின்னால்
ஒரே வளைவாகப் பதினோரு ஏக்கர் கழிக்குளம்.
இரும்பு கேட், மதகு, மோட்டார் ஷெட்,
நாய் கட்ட ஒரு வளையம்கூட இருந்தது.
மீஞ்சூர் ஆடிட்டர் குத்தகைக்கு விடுகிறாராம்.
தேசப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒரே எடம் சம்பூ.
ஒரு பூட்டு, ஒரு நாய்.
ஏழு எடத்துல பொறிய வெச்சிட்டு
எங்க எவன் தூக்குறான்னு
பைக்கிலயே சாவறேன் நானு."

பொய் இல்லை.
எங்கள் வேட்டைக்காடு ஒரு காடாக இருந்ததே இல்லை.
ரயில் பாலத்தடியில் ஆறு பொறி.
உப்பளத்து வரப்போரம் ஒன்பது.
கால்வாய் மணலிப் பக்கம் திரும்புகிற இடத்தில் நாலு,
அதில் நண்டைவிடச் செருப்பு அதிகம் ஏறும்.
சாம்பல் மேட்டுக்குப் பின்னால் ஒரு சந்து.
காட்டுக்குப்பத்தில் அண்ணி விட்டுக்கொடுத்த கரை,
அதற்கு மாதம் ஒரு கூடை அவளுக்கு.
மீதி இரண்டை இங்கே எழுத மாட்டேன்.

எதற்கும் பட்டா கிடையாது.
ஒவ்வொன்றுக்கும் முறைத்துப் பார்க்க ஓர் ஆள் உண்டு.

காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
இந்தப் பக்கம் பெட்ரோல்,
அந்தப் பக்கம் அட்வான்ஸ், நாலு லட்சம்.
எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியாமல் நின்றது ஒன்று:
சாம்பல் குழாய் உடைந்து
உப்பளத்து ஓரம் சிமென்ட் பூசினாற்போல் ஆன வாரம்
பாலத்தடி நண்டு ஓடு கட்டிக் கனத்துக் கிடந்தது.
எண்ணெய் மிதந்து கால்வாய் செத்த மாதம்
அண்ணியின் கரைதான் அரிசி வாங்கியது.
ஏழும் ஒரே நாளில் படுத்ததில்லை, சொன்னேன்.

"ஏழும் ஒரே நாள்ல எழுந்ததும் இல்ல."

அதுவும் பொய் இல்லை.
கம்மல் சேட்டுக் கடைக்குப் போனது.
ஆடிட்டர் தன் பேனாவைத் தரவில்லை,
தேசப்பன் கடையில் ஒன்று வாங்கிவந்து கையெழுத்துப் போட்டான்.

முதல்முறையாக
என் புருஷன் உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்தேன்.
நாய்க்கு மேனேஜர் என்று பெயர்.
சாயந்திரம் இருவரும் கரையைச் சுற்றி வருவார்கள்.
போன் வந்தால் "எங்க எடத்துல இருக்கேன்" என்பான்,
'எங்க'வைக் கொஞ்சம் நீட்டி.

மதகை மூடினால் உள்ளே இருப்பதெல்லாம் நம்முடையது.
நண்டு எங்கே போகும்?
நமக்குத் தெரியும். அதற்கும் தெரியும்.
இதுக்குப் பேர் வேட்டையா, கேட்டேன்.
"தராசு புடிக்கிறவன் கேக்குறானா?"

பழைய பொறிகளை அவன் எடைக்குப் போட்டபோது
இரண்டை மட்டும் கோணிக்குள் தள்ளிவைத்திருந்தேன்.
தை பிறந்ததும்
அண்ணியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பி
பாலத்தடியில் இறங்கினேன்.
தலைக்கு மேலே கும்மிடிப்பூண்டி வண்டி போனது.
முழங்கால் வரை சேறு.
பொறி எங்கே என்று கால்தான் சொல்ல வேண்டும்.
ஏறுமா ஏறாதா தெரியாது.
அந்தத் தெரியாமையை நாலு மாதமாய்த் தொட்டிருக்கவில்லை.

மூன்றாம் தடவை போனபோது
என் இரண்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று.
கயிற்றில் முடிச்சு இடப்பக்கம் விழுந்திருந்தது.
இந்தக் கழியில் இடக்கையால் முடிச்சுப் போடுகிறவன் ஒருவன்தான்.
இரை புதுசு, கோழிக்குடல்.
தூக்கிப் பார்த்தேன். காலி.
இருந்தபடியே இறக்கிவைத்தேன்.

ராத்திரி, குளத்துக் கரையில்:

"அண்ணி எப்டி கீறா?"

"நல்லாதான் கீறா. நண்டு கேட்டா."

"குடுத்தியா?"

"இன்னும் ஏறல."

மேனேஜர் எதையோ பார்த்துக் குரைத்தது,
எதுவும் இல்லை.
தேசப்பன் டீயை ஊதிக்கொண்டே
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:
"அமாவாசைக்கு ஏறும்."