நீலம் அடங்கும்வரை

வெளியே மைனஸ் இருபத்தாறு.
தைவோவுக்குத் தூக்கம் வந்துவிட்டது.
"தகட்டை மூடிவிட்டு வாயேன்,"
படுக்கையிலிருந்தே சொல்கிறான்.
"சூடெல்லாம் புகைபோக்கி வழியாக
வானத்துக்குப் போகிறது.
வானமா நமக்கு விறகு வாங்கித் தந்தது?"

கணப்பின் சின்னக் கதவைத் திறந்து பார்க்கிறேன்.
கங்குகளின் மேல் இன்னும் ஓடுகிறது நீலம்,
எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல்
இங்கே கொஞ்சம் நின்று
அங்கே கொஞ்சம் நின்று.

"இன்னும் பத்து நிமிஷம்."
"அரைமணி முன்னாலும் இதையேதான் சொன்னாய்."

தெற்கு எஸ்தோனியாவில், ஏரிக்கு இந்தப் பக்கம்,
ஏப்ரலில் வாங்கிய வீடு.
கூரை வரை வெள்ளை ஓடு பதித்த கணப்பு.
அதற்கு ஓர் இரும்புத் தகடு:
இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும்.
குழந்தைக்கும் புரியும் இயந்திரம்.
எங்களுக்குத்தான் புரிய நாளாயிற்று.

அக்டோபரில் மலிவென்று ஒரு லாரி ஆல்டர் இறக்கினோம்.
உள்ளே வைத்ததும் இரு முனையிலும் நுரை தள்ளிற்று,
சீறிற்று, அழுதது,
கதவுக் கண்ணாடியைக் கறுப்பாக்கிற்று.
விற்றவன் தொலைபேசியை எடுக்கவில்லை.
அந்த விறகு இப்போது கொட்டகையில்,
அடுத்த குளிர்காலத்துக்கு அடுத்த குளிர்காலத்துக்காகக்
காற்று வாங்குகிறது.

ஆகஸ்டில் வந்த குல்னோ
கயிற்றில் குண்டைக் கட்டி மேலிருந்து இறக்கி
புகைபோக்கியிலிருந்து எடுத்தவை:
இரண்டு வாளி கரி,
ஒரு காக்கைக் கூடு,
யாருடையதோ ஒரு கரண்டி.
ரசீது எழுதினான். காப்பி குடித்தான்.
செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்,
"மோனாக்சைடு மணி எங்கே?"
தைவோ பெருமையாகச் சுவரைக் காட்டினான்.
குல்னோ பொத்தானை அமுக்கினான்,
நாய் மேசைக்கடியில் போய்ப் படுத்தது.
"நல்லது," என்றான், அதை நாய்க்குச் சொன்னானோ என்னவோ.

நீலம் ஓரமாக ஒதுங்குகிறது.
பிறகு மறுபடி நடுவுக்கு வருகிறது.

சாம்பல் வாளி வெளியே, பனியில்,
மூடியோடு, சுவருக்குப் பத்துத் தப்படி தள்ளி.
நீறு பூத்த நெருப்பென்பது வெறும் பேச்சில்லை:
நேற்றுக் காலை, இரண்டு நாள் ஆறிய சாம்பலைக் கிளறினேன்,
ஒரு சிவப்புக் கண் திறந்து
என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.
எதிர்க்கரை ஹெல்யுவின் கொட்டகை
ஓர் அட்டைப்பெட்டிச் சாம்பலில் போனது,
உள்ளே டிராக்டர், ஏழு ஜோடிப் பனிச்சறுக்குக் கட்டைகள்.

காத்திருக்கும்போது மனிதர் சுவரைப் பார்ப்பார்கள்.
நானும் பார்த்தேன்.
நிமிஷத்துக்கொரு முறை பச்சையாய்ச் சிமிட்ட வேண்டிய மணி
சிமிட்டவில்லை.
சரி, தவறவிட்டிருப்பேன்.
இன்னொரு நிமிஷம்.
இன்னொன்று.

இறக்கித் திருப்பினேன்.
பேட்டரி இருக்குமிடத்தில் ஒரு சதுர இருட்டு.

சனிக்கிழமை இங்கே விருந்து.
தைவோ கிதார் வாசித்தான்,
மூன்றாவது பாட்டில் அதன் ஒலிபெருக்கி செத்து,
"ஒரு நிமிஷம்" என்று எழுந்து போனான்,
திரும்பி வந்து இன்னும் நன்றாக வாசித்தான்.
நான்தான் முதலில் கைதட்டினேன்.

சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய்.
நான்கு இரவு.
அதற்கு மணமில்லை, நிறமில்லை.
லேசான தலைவலியாய் வரும்.
தூக்கம் போலவே வரும்.

கிதாரின் வயிற்றைத் திறக்கிறேன்,
எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கிறேன்.
பீப்.
"என்ன சத்தம்?"
"உன் கிதார்."

அப்புறம் அவன் எதுவும் சொல்லவில்லை.
அவன் சொல்லாதது சுவர் தாண்டிக் கேட்டது.

கங்குகள் இப்போது வெறும் சிவப்பு.
கிளறிப் பார்க்கிறேன், கரிந்த கட்டை எதுவும் ஒளிந்திருக்கவில்லை.
இன்னும் கொஞ்சம் நிற்கிறேன், தேவையில்லாமல்.
பிறகு தகட்டைத் தள்ளுகிறேன்,
ஒரு விரல் இடம் விட்டு.
அந்த விரலளவுச் சூடு
வானத்துக்கே போகட்டும்.

படுக்கையில் அவன் நகர்ந்து இடம் தருகிறான்.
விழித்துக்கொண்டுதான் இருக்கிறான்.
காலையில் பேசுகிறேன், கத்தியும் பேசுவேன்.
எட்டரைக்குத்தான் விடியும் இங்கே,
அவசரமில்லை.