குறைந்தபட்சம்

செவ்வாய்க்கிழமை, மின்வாரியப் பராமரிப்பு.
புதுவயலின் அரிசி மில்கள் அத்தனையும் வாயடைத்து நிற்க
எங்கள் கிளையில் மட்டும் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.
நான் வாசலில். தோளில் இரட்டைக்குழல்.
பதினோரு வருடமாய் அதைத் துடைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பத்தே காலுக்கு வந்தார்கள்.
களத்தில் நெல் கிளறுகிறவர்கள், மூட்டை தைக்கிறவர்கள்.
புருவத்தில் தவிடு இல்லாததால்
முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ராக்கு, சிட்டாள், ஜெய்னம்பு, ஆரோக்கியசெல்வி,
பேர் தெரியாத இன்னும் முப்பத்தேழு பேர்.
ஆளுக்கொரு டோக்கன் கிழித்தார்கள்.
"என்ட்ரி போடணும்."
சண்டைக்கு வந்தவர்கள் மாதிரி இல்லை.

இயந்திரம் பாஸ்புக்கைக் கடித்துக் கடித்துத் துப்பியது.
நூற்றுப் பதினெட்டு.
நூற்றுப் பதினெட்டு.
பதினேழு ரூபாய் எழுபது.
நூற்றுப் பதினெட்டு.
கூலி ஒரு வரி வந்தால் பின்னாலேயே நாலு வரி
கதவைத் தட்டிக்கொண்டு வந்தது.
சிட்டாளின் புத்தகத்தில் பக்கம் தீர்ந்துபோனது.
புதுசுக்கும் பிடித்தம் உண்டு என்றார் கேஷியர்,
அவள் முகத்தைப் பார்க்காமல்.

மேனேஜர் வெளியே வந்தார். விஜயவாடாப் பக்கத்துச் சின்னப் பையன்.
தமிழில் ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்குவார்.
"இருப்பு குறைஞ்சா அபராதம் அம்மா.
நான் எடுக்கலை. சிஸ்டம் எடுக்குது."

"அந்த சிஸ்டத்தக் கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்றாள் ராக்கு.
"எந்த ஊரு அவரு?"
கேலியா நிஜமா, இன்றுவரை எனக்குத் தெரியாது.
"வர நேரமானாலும் பரவால்ல. இன்னைக்கு மில்லு இல்ல."
உட்கார்ந்தார்கள், மின்விசிறிக்குக் கீழாகப் பார்த்து.

லாக்கருக்கு வந்த வயிரவன் செட்டியார்
சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்:
"எங்க ஐயா பர்மாவுல வட்டிக்கு விட்டவுக.
வாங்குனவன் தலையில வட்டி ஏத்துவாக.
போட்டு வச்சவன் தலையில ஏத்துனதாக் கேள்விப்பட்டதில்ல."
சொல்லிவிட்டு, நீட்டிய கால்களைத் தாண்டித் தாண்டிப் போய்
காரில் ஏறிக்கொண்டார்.

ஜெய்னம்பு அதுவரை பேசவில்லை.
"ஆயிரம் இருந்தாப் பிடிக்க மாட்டீக.
ஆயிரம் இருந்தா நான் ஏன் தொடைச்சு எடுக்குறேன்?
இல்லைன்னுதான எடுத்தேன்.
அந்த இல்லைக்குள்ள எப்படி சார்
நூத்திப் பதினெட்டு இருந்துச்சு?"

மேனேஜர் என்னைப் பார்த்தார்.
வெளியேற்று என்கிற பார்வை.
நான் துப்பாக்கியைப் பார்த்தேன்.
உள்ளே ஏஜென்சி தந்த இரண்டே தோட்டா.
குறைந்தபட்ச இருப்பு.

அப்போதுதான் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.
என் கணக்கிலிருந்து பதினேழு ரூபாய் எழுபது,
குறுஞ்செய்தி அனுப்பிய வகைக்கு.
அதைச் சொன்னதும் ஒரு குறுஞ்செய்தி.
ஏஜென்சி இன்னும் சம்பளம் போடாததால்
கூடவே இன்னொன்று. எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை.

போய்ப் பொத்தானை அழுத்தினேன்.
நாற்பத்திரண்டு.
ராக்கு நகர்ந்து இடம் விட்டாள்.
சீருடையோடு எப்படி உட்காருவது,
பக்கத்தில் நின்றேன்.
யாருக்குக் காவல் நிற்கிறேன் என்று
மேனேஜருக்கு விளங்கியிருக்காது.
எனக்கும்தான்.

நாலு மணிக்கு ஒரு தாள் கிடைத்தது: புகார் பெறப்பட்டது.
முத்திரையில் மை காய்ந்து கிடந்தது.
ஆரோக்கியசெல்வி அதைப் பிடுங்கி
ஹா என்று வாய்ச்சூட்டை ஊதித் தானே குத்தினாள்.
கரண்ட் வந்துவிட்டிருந்தது. எதிர்க்கடையில் ஜெராக்ஸ்,
நாற்பத்தோரு பிரதி, ஒன்று இரண்டு ரூபாய்.
அந்தக் காசுக்கு யாரும் முணுமுணுக்கவில்லை.
கேட்டு வாங்கினார்கள்,
கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஷட்டரைப் பாதியில் பிடித்திருந்தேன்,
கடைசி ஆள் குனிந்து வெளியேறும்வரை.
சிட்டாள் திரும்பி,
"நாளைக்கு எங்களுக்கு ராத்திரி ஷிப்டு" என்றாள்.
"காலையில சும்மாதான் இருப்போம்."

என் எண்ணை இன்னும் கூப்பிடவில்லை.